வெயில் வருகிற வழி

(காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்து நூலகத்தில், பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, கோடையில் வீட்டுச் சூட்டைத் தணிப்பது பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு நானும் நூலகரும் மட்டும்தான் இருந்தோம். ஐந்தரைக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தீர்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் என் பேச்சில் ஒரு பக்கம் மிச்சம்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். 1996-ல் சொந்த வீடு கட்டியபோது அந்த மூன்றில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. படுக்கையறை ரோட்டைப் பார்த்து இருக்கட்டும் என்று மேற்கே வைத்தேன். அதில் பெரிய கண்ணாடி ஜன்னல். சன்ஷேடு வைத்தால் முகப்பு எடுபடாது என்று அதையும் சுருக்கிவிட்டேன். மேலே மொட்டைத் தார்சு, அதாவது வெறும் கான்கிரீட் மாடி. அந்தச் சித்திரையில் அம்மா மூன்று ராத்திரி உள்ளே படுத்தார். நாலாம் ராத்திரி கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். "ஏங் கண்ணு, இத்தனை பணம் போட்டு அடுப்பாக் கட்டி வெச்சிருக்கற?" என்றார்.

அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத்துச் சாளையில். கனமான மண்சுவர், மேலே பனையோலை. கூரை முன்னால் நன்றாக இறங்கியிருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத்தான் அப்படி என்று எங்கள் அப்புச்சி சொல்வார். எனக்கென்னவோ அது வெயிலுக்காகச் செய்த வேலையாகத்தான் தெரிகிறது. இறங்கின கூரையைத் தாண்டி வெயில் சுவரைத் தொடவே முடியாது. இதைச் சொல்வதால் எல்லாரும் சாளைக்குத் திரும்புங்கள் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தேள், ஒழுகல், தீப்பயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மேய ஓலை வேண்டும், ஓலை வெட்டப் பனையேறுகிறவர் வேண்டும். இன்றைக்குத் தெளுவு, அதுதான் பதநீர், குடிக்கவே ஆள் தேடி அலைகிறோம்.

சரி, வெயில் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? ஜன்னல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 18, 19 வாக்கில் நடுப்பகல் 12.20-க்கு வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழலே இருக்காது. சூரியன் உச்சிக்கு நேர்மேலே நிற்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிப்பொழுதில் அது நமக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் போகும். ஆக, கத்திரி வெயிலில் நடுப்பகலில் தெற்குச் சுவரில் வெயில் விழவே விழாது. காலையில் கிழக்குச் சுவர், சாயங்காலம் மேற்குச் சுவர். நாள் முழுக்க அடி வாங்குவது கூரைதான். நாம் ஜன்னலுக்குத் திரை வாங்குகிறோம், கூரையை மறந்துவிடுகிறோம்.

ஐந்து அங்குலக் கான்கிரீட் மேலே குடித்த சூட்டை உடனே கீழே விடாது. மெல்ல மெல்ல இறங்கும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு வையுங்கள். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

அம்மா கட்டிலைத் தூக்கிய அடுத்த வருஷம் பங்குனியில், நீற்றின சுண்ணாம்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பெவிகால் கலந்து மாடியில் அடித்தேன். சுண்ணாம்பு பாதியில் தீர்ந்துபோனது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, காய வைத்த வடகத்தை எடுத்துவரச் சொன்னார்கள் வீட்டில். செருப்பில்லாமல் ஏறிவிட்டேன். அடிக்காத பக்கம் கால் வைத்ததும் தவளை மாதிரி குதித்தேன். குதித்த குதியில் வெள்ளைப் பக்கம் வந்து விழுந்தேன். அங்கே நிற்க முடிந்தது. சூடுதான், ஆனாலும் நிற்கலாம். ஒரே மாடி, ஒரே வெயில், நடுவில் ஒரு கோடு. வருஷா வருஷம் கரும்பலகையில் சொன்னதை என் உள்ளங்கால் அன்றைக்குத்தான் படித்தது. வெள்ளை, வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. கருத்துப்போன கான்கிரீட் வாங்கி வைத்துக்கொள்கிறது.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அடிக்கிறேன். மழை கரைத்துவிடும், திரும்ப அடிக்க வேண்டும். மாடியைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று கை. வெயிலில் அடித்தால் பொருக்காக உதிரும், பொழுது சாய்ந்து அடியுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகளை மேலே விடாதீர்கள். மழைநீர் சேகரிக்கிறவர்கள் முதல் மழையைத் தொட்டிக்கு விடாதீர்கள். ஒரு மூலை மட்டும் எங்கள் மாடியில் வெள்ளை இல்லாமல் இருக்கும். அது வீட்டம்மா உத்தரவு, வடகம் காய்வதற்கு.

திருப்பூர், பல்லடம் பக்கம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற லைன் வீடுகளில் இருக்கிறவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தகரம் அல்லது சிமெண்ட் அட்டை. அது சூட்டைத் தேக்காது, அப்படியே தலையில் கொட்டும். சிமெண்ட் அட்டைக்கும் வெள்ளை அடிக்கலாம், ஆனால் அதன் மேல் ஏறி நிற்காதீர்கள், உடையும். கீழே நின்று நீளக் கழியில் வெள்ளையடிக்கிற மட்டையைக் கட்டி அடியுங்கள். தென்னங்கீற்றோ நிழல்வலையோ போட்டால் அட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள், காற்று ஓட வேண்டும். இதெல்லாம் குடியிருப்பவர் செலவில் ஆக வேண்டியதா, வாடகை வாங்குகிறவர் செய்து தர வேண்டியதா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. இங்கே லைன் வீடு வைத்திருக்கிறவர்களும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

மத்தியானம் மாடியில் ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வருகிற ஊரில் அது பாவமுங்க.

ஜன்னல் விஷயம் சுருக்கமாக. காலை ஒன்பதரைக்கு மேல், வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடாகிவிட்டால், மூடிவிடுங்கள். பொழுது இறங்கியதும் எல்லாவற்றையும் திறங்கள். பகல் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, ராத்திரி திருடனுக்குப் பயந்து மூடுவதுதான் நம் வழக்கம். கொசுவலை அடித்து, கம்பி போட்டு, ராத்திரி திறக்க வழி செய்யுங்கள். ஆனால் ஏர்கூலர் ஓடும்போது மட்டும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அறை குளியலறை ஆகிவிடும். ஏசி இருக்கிறவர்கள் 24-ல் வையுங்கள், ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள்.

மண்பானைக்கு மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். இங்கே காற்று காய்ந்த காற்று. பானையில் கசிகிற ஈரம் சட்டென்று ஆவியாகும், போகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சென்னையில் இருக்கும் என் மகள் இங்கிருந்து பானை வாங்கிப்போனாள், "அப்பா, இது குளிரவே மாட்டேங்குது" என்றாள். பானை மேல் குற்றமில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கிறது, இந்த ஈரத்துக்கு அங்கே இடமில்லை. நமக்கு ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வந்துவிடும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் தறிக்குடோனில் மயங்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் அது வெறும் களைப்பு இல்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். அன்றைக்கு ஒரு பாட்டிதான் குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தார். விழுந்தவர் பிழைத்தார்.

மணி ஆறேகால். இந்த நூலகத்துக்கும் மொட்டைத் தார்சுதான். மத்தியானம் இங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தேன், புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நேற்றே இரண்டு வாளி சுண்ணாம்பு ஊறப்போட்டுவிட்டேன், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. மட்டை நாலு இருக்கிறது. ஏணி பக்கத்து வீட்டில் தருகிறேன் என்றிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வாங்க.