புழுவுக்கென்று வளர்க்கும் கொடி

வணக்கம். நம் சமூகத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வேலிப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் கொடியில புழு விழுந்திருக்கு, மருந்து அடிங்க." போன மாதம் ஓர் அக்கா மருந்துப் புட்டியோடே வந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். புழுவுக்காகத்தான் அந்தக் கொடியையே வைத்திருக்கிறோம்.

ஊரில் ஈஸ்வரமூலி, கருடக்கொடி என்பார்களே, அதன் நெருங்கிய உறவு இது. அரிஸ்டலோகியா அக்யூமினாட்டா என்று பெயர். இந்தியா தொடங்கி நம் தென்கிழக்காசிய வட்டாரம் வழியாக ஆஸ்திரேலியா வரை தானாக வளர்வது. காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சி, தமிழ்நாட்டில் ரோஜா அழகி என்கிறார்கள், இந்தக் குடும்பத்துக் கொடிகளில்தான் முட்டையிடும். 2015இல் மக்கள் வாக்களித்துச் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது அதைத்தான். உடலில் சிவப்பு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு. நம் தேசியக் கொடியின் நிறம்!

பூவைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடியில் ஓர் உருண்டை, அதன்மேல் குழல், குழலுக்குள் உள்நோக்கிச் சாய்ந்த மயிர்கள். நுழைந்த சிற்றீ திரும்ப முடியாது. மகரந்தம் உதிர்ந்த பிறகு மயிர்கள் வாடிவிடும். ஈ மேலெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வரும். காய் முற்றினால் காம்புப்பக்கம் பிளந்து, குட்டி உறி மாதிரி தொங்கும். எனக்கு அலுக்காத காட்சி அது.

சரி, வளர்ப்பது எப்படி? வெயில் வேண்டும், ஏறக் கம்பி வேண்டும். ஒரு தொட்டி போதாது, மூன்று தொட்டியாவது வையுங்கள். ஏழெட்டுப் புழு சேர்ந்தால் கொடியை மொட்டையடித்துவிடும், தண்டையும் கடிக்கும். பதறாதீர்கள், வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு வரும்.

அப்புறம், பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூலிகைதானே என்று கஷாயம் வைத்துவிடாதீர்கள். இதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். புழு அதே நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பறவைகள் அதைக் கொத்தத் தயங்குகின்றன.

வாசல் மேசையில் வேர்விட்ட பதியன்கள் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவிவிடுங்கள்.