பின்சீட்டு மூட்டை பேசுகிறது

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு அரை வணக்கம், மீதி அரையைத் தீர்ப்புக்கு அப்புறம் தருகிறேன். இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் குன்னூர் மக்களுக்கு இரண்டு வணக்கம்.

"வளர்ந்த பிள்ளையோடு மலைக்குப் போய்வரச் சுகம் காரா, பைக்கா?" தலைப்பு இது. நான் பைக் கட்சி. காரணமெல்லாம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா, காரில் ஹீட்டர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பேச்சு இருக்கிறது என்றார். சரி. கடைசியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாரே! "பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அப்பா இல்லை, மூட்டை. இறுக்கிக் கட்டினால் போதும்." நீங்களும் கை தட்டினீர்கள். இதோ இந்த முன்வரிசைதான் அதிகம் தட்டியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா, நான் மூட்டைதான். ஆனால் பிரேக் போடுகிற மூட்டை.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். 28 வருஷம் இந்த மலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள், "ஹெல்மெட்ட மாட்டுங்கப்பா, ஊட்டி போய்ட்டு வந்துரலாம்" என்றாள். முப்பது வயசுப் பிள்ளை. இ-பாஸைக்கூட முதல் நாள் ராத்திரியே எடுத்து வைத்துவிட்டாள். ஏறினேன்.

கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு. அவள் கியரைக் குறைத்து அழகாகத் திருப்பினாள். நான் வலது காலை ஓங்கி மிதித்தேன். எதை? அங்கே என்ன இருக்கிறது மிதிக்க! 28 வருஷம் மிதித்த கால், சொன்னால் கேட்குமா? அடுத்த வளைவு, ஒரு மிதி. எதிரே லாரி, ஒரு மிதி. ரோட்டோரம் குரங்கு, இரண்டு மிதி. குன்னூர் வரைக்கும் கொண்டை ஊசி வளைவு 14. குரங்குக்குக் கணக்கே இல்லை.

பர்லியாறு நெருங்கும்போது ஒரு கருகல் வாடை. என் மூக்கு டிப்போ மூக்கு, ஏமாறாது. "கண்ணு, வண்டிய ஓரங்கட்டு. கிளட்ச் பிளேட் போச்சு!"

நிறுத்தினாள். பழக்கடைக்காரர் வந்துவிட்டார். வேன் டிரைவர் ஒருவர் இறங்கி வந்துவிட்டார். மூன்று பேரும் குனிந்து பார்க்கிறோம். நான் வகுப்பே எடுக்கிறேன். "இந்தக் காலத்துப் பிள்ளைக ஆஃப் கிளட்ச்லயே ஓட்டுதுங்க, ஏத்தத்துல அது ஆகாதுங்க, நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..." வேன் டிரைவரும் ஆமாம் ஆமாம் என்கிறார். என் மகள் மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

"அப்பா, செருப்பத் தூக்குங்க."

தூக்கினேன். குதிகால் ரப்பரில் பாதியைக் காணோம்! மீதிப் பாதி சைலன்ஸரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு புகைகிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்கிறேன்: போனது கிளட்ச் பிளேட் இல்லை, செருப்பு! வேன் டிரைவர் சத்தமில்லாமல் வேனில் ஏறிப் போய்விட்டார். பழக்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார், துக்க வீட்டில் தண்ணீர் கொடுப்பது மாதிரி.

ஊட்டியில் பூங்கா பார்த்தோம், ஏரி பார்த்தோம், புதுச் செருப்பு வாங்கினோம். அதை விடுங்கள். மூட்டைக்கு வருகிறேன்.

பேராசிரியர் அம்மா, நீங்கள் இதே குன்னூரில்தானே குடியிருக்கிறீர்கள்? 1899-இல் இந்த ஊருக்கு வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்டதே ஒரு மலை ரயில், பார்த்ததில்லையா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் எங்கே இருக்கிறது? பின்னால்! பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அது மட்டுமா, பல்சக்கரம் பிடித்துக்கொண்டு ஏறினாலும் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் தனியாக உட்கார்ந்து வருகிறார். 2005-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம் என்றது. எஞ்சின் பின்னால் இருந்தால் பாரம்பரியம், அப்பா பின்னால் இருந்தால் மூட்டையா?

இப்போது தட்டுங்கள். முன்வரிசை, உங்களைத்தான்.

காரில் பேச்சு இருக்கிறது என்றார். இருக்கிறது, கூகுள் மேப் அம்மா பேசுகிறது. மணியில் கை வைக்காதீர்கள் ஐயா, இறக்கத்துக்கு வந்துவிட்டேன்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. டீ குடித்து, வர்க்கி தின்றுவிட்டு இறங்குகிறோம். வெயில் சாய்ந்துவிட்டது. ஹெல்மெட்டுக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில், அவள் பின்னங்கழுத்தில் ஒரு நரைமுடி. என் பிள்ளைக்கு நரையா! காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. வாதம் என்று வேண்டுமானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஏழு வயசில் ஒரே ஒரு தடவை என் பஸ்ஸில் ஊட்டிக்குக் கூட்டிப் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். டியூட்டி, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா, "ஊட்டில என்ன கண்ணு பாத்த?" என்று கேட்டாள். "அப்பா முதுகப் பாத்தேன்" என்றது பிள்ளை. 23 வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குஞ்சப்பனை தாண்டி வேகத்தைக் குறைத்தாள்.

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல கண்ணு. ஏன்?"

"நாலஞ்சு வளைவா பிரேக்கையே காணோமேப்பா."

தூங்கவில்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.