பட்டாணியின் கொல்லைப்புறம்

வணக்கம் எல்லாருக்கும். குரல் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து வீட்டில் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் என் வீட்டில் இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் சித்தி வீட்டுப் பின்கட்டில், ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வலைக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் பட்டாணி. சித்தி வீட்டுப் பூனை, மகாராணி.

கதை மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. சித்தி போன் செய்தார். "ஏண்டி, ஊரெல்லாம் பூனைக்குப் புத்தி சொல்கிறாயே, என் வீட்டுக்கு வந்து சொல்லேன். பூனை வெளிக்குப் போகிற இந்த மணல் பெட்டி இனிமேல் வீட்டுக்குள் கூடாது" என்றார். என் தங்கை, சித்தி மகள், இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனைக் கழிவில் கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் சித்தி பெட்டியை மட்டுமல்ல, பட்டாணியையே வெளியே அனுப்பத் தயாராகிவிட்டார்.

டாக்டர் சொன்னது சரிதான். டாக்சோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. அது பூனையின் குடலில்தான் முட்டை மாதிரியான வித்துகளை உண்டாக்கும், அவை கழிவோடு வெளியே வரும். ஆனால் வந்த உடனே அது யாருக்கும் தொற்றாது. குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். அதனால் தினமும் அள்ளிப் போட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும், அள்ளுகிறவர் கர்ப்பிணியாக இல்லாமல் இருந்தால் சரி. எலி பிடிக்காத, பச்சைக் கறி தின்னாத வீட்டுப் பூனைக்கு அந்த ஒட்டுண்ணி வர வாய்ப்பும் குறைவு. இதையெல்லாம் சொன்னேன். சித்தி கேட்கவில்லை. "ஊரில் எந்தப் பூனைக்குப் பெட்டி வைத்தோமடி? எல்லாம் கொல்லைக்குத்தானே போகும்?"

அதுவும் உண்மைதான். நம் ஊரில் வீடு கட்ட மணல் கொட்டினால் இரண்டாம் நாளே தெருப் பூனை எல்லாம் அதில் வந்து ஆஜராகிவிடும். சின்ன வயதில் பட்டுக்கோட்டைப் பாட்டி வீட்டில் அந்த மணலில் வீடு கட்டி விளையாடி, கையில் என்னவோ ஈரமாகப் பட்டு நான் அழுத கதை வீட்டில் இன்னும் ஓடுகிறது. பூனையைக் குறை சொல்லி என்ன பயன்? அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. காய்ந்த, பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் அதற்குக் கை அரிக்கும். பட்டாணியை வெளியே பழக்குவதற்கு நமக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான்.

சரி, செய்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். என் பூனை கருவாடு. எங்கள் வீடு உட்லண்ட்ஸில் ஒன்பதாம் மாடி, நாலறை வீடு. போன வருஷம் பெட்டியைக் கூடத்திலிருந்து எடுத்து, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் வைத்தேன். ஒரே தாவல், ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போனான். மூன்றாம் நாள் அவன் குந்தி உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து வாஷிங் மெஷின் துணியைப் பிழிய ஆரம்பித்தது. அந்தச் சத்தம் உங்களுக்கே தெரியும், ஹெலிகாப்டர் இறங்குவது போல. பாதியில் ஓடினான் பாருங்கள், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா மடித்து வைத்த துணிக் கூடையில் ஏறிவிட்டான். அதுவும் அப்பாவின் சங்குமார்க் கைலி மேல்.

நான் என்ன செய்தேன், வாசனைத் தரைத் திரவம் போட்டுக் கூடையைத் தேய்த்தேன். நம் மூக்குக்கு வாசம் போய்விட்டது, அவன் மூக்குக்குப் போகவில்லை. மறுபடியும் அதே கூடை. பூனை மூத்திரத்துக்கு நொதி கலந்த திரவம் என்று தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் ஊற்றி ஊற வைக்க வேண்டும். இது தெரிய எனக்கு இரண்டு வாரமும் ஒரு கூடையும் ஆயிற்று.

இன்னொன்று. பெட்டியை மாற்றும்போது ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். போய்ப் போய் உட்கார்கிறான், முக்குகிறான், ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அடம் இல்லை. மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உயிர் போகிற விஷயம்.

இப்போது பட்டாணிக்கு வருவோம். முதல் வாரம் பெட்டியை நகர்த்தவே இல்லை. அதே இடம், அதே பெட்டி. தினமும் பூனை மணலில் ஒரு கை தோட்டத்து மணலைக் கலந்தேன், அவ்வளவுதான். நர்சரியில் மூட்டையாக விற்கிற கழுவிய மணல். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு. நாலாம் நாள் பட்டாணி முகர்ந்து பார்த்து ஒரு மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஆனாலும் போனாள். வாரக் கடைசியில் பாதிக்குப் பாதி.

இரண்டாம் வாரம் நகர்த்தல். ஒரு நாளைக்கு ஒரு முழம், அதற்கு மேல் இல்லை. சமையலறை மூலையிலிருந்து பின்கதவு வரைக்கும் ஆறு நாள். சித்தப்பா தினமும் காலில் இடித்துக்கொண்டு "இன்றைக்கு எந்த ஸ்டேஷன்?" என்று கேட்பார். கதவுப் படியில் மட்டும் இரண்டு நாள் நிறுத்தினேன். வாசலைத் தாண்டுவது பூனைக்குச் சாதாரண விஷயம் இல்லை, வெளியே வேறு பூனைகளின் வாடை இருக்கும்.

அப்புறம் இந்த இடம். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். சுவரோரம் மூன்றடிக்கு நாலடி, ஒரு சாண் ஆழம் தோண்டி மணல் நிரப்பியிருக்கிறோம். சுற்றிலும் மேலேயும் வலை. அதற்கு மேல் ஒளி ஊடுருவுகிற தகரம் மாதிரி ஒன்று போட்டிருக்கிறோம், மழைக்கு. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இந்த ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு ஊற்றுகிற மழையில் மணல் சேறாகிவிடும், சேற்றில் பூனை கால் வைக்காது. நவம்பர், டிசம்பர் வந்தால் கேட்கவே வேண்டாம். பழைய பெட்டியில் இருந்ததிலிருந்து ஒரு கரண்டி, ஆமாம், அந்த அழுக்கு மணலைத்தான், இங்கே ஓரமாகப் புதைத்தேன். இதுதான் உன் இடம் என்று அவளுக்கு வேறு எந்த பாஷையில் சொல்வது?

எல்லாம் சரியாகச் செய்தேனா? செய்தேன். பட்டாணி வெளியே வந்தாள், மணலை மோந்தாள், நேராகப் போய் சித்தியின் கறிவேப்பிலைத் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி போட்ட சத்தத்தைப் பதிவு செய்யவில்லை என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது. அந்தச் செடி எட்டு வருஷமாகப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ரசத்துக்கு இலை கொடுத்த செடி. இப்போது பாருங்கள், தொட்டியெல்லாம் வலைக்கு வெளியே, மண் தெரியாமல் கூழாங்கல் பரப்பியிருக்கிறோம். கீரை, கொத்தமல்லி போட்டிருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். முதலில் சொன்ன அந்த ஒட்டுண்ணி ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெளியே போய்விட்டது, இனி நமக்கு வேலை இல்லை என்று சித்தி நினைத்தார். நான்தான் தினமும் காலையில் சித்தப்பா கையில் கரண்டியைக் கொடுக்க வைத்தேன். தங்கை இந்தப் பக்கமே வருவதில்லை. செடிக்கு மண் அள்ளுவதென்றாலும் கையுறை.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள் இப்போதே கேட்பீர்கள், அக்கா, நாங்கள் நடைபாதையில் பெட்டி வைக்கலாமா? வேண்டாம். அது பொது இடம், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டுமா? முப்பது வருஷத்துக்கு மேல் தடை இருந்து, 2024 செப்டம்பர் 1-இலிருந்துதான் நம் வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்தது. இரண்டு வரை வளர்க்கலாம், மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும், வெளியே அலைய விடக்கூடாது. கதவைத் திறந்து "போய்விட்டு வா" என்று கீழ்த்தளத்துக்கு அனுப்புகிற பேச்சே இல்லை. ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு வலை இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள், பெட்டிக் கதை அப்புறம்.

நமக்கு வெளியே என்றால் அந்தத் துணி துவைக்கிற இடம்தான். ஒரு நாளைக்கு ஒரு முழம், அதே கணக்கு. கருவாடு இரண்டாம் தடவை அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். மெஷினுக்கு எதிர்ச் சுவரோரம் பெட்டி, காலையில் அவன் போய்விட்டு வந்த பிறகுதான் அம்மா பட்டனை அழுத்துகிறார். சோயாச் சக்கையில் செய்கிற டோஃபு மணல் போட்டிருக்கிறேன், தூசி குறைவு. அதைக் கழிப்பறையில் கொட்டலாம் என்று பையில் போட்டிருக்கும், நான் கொட்டுவதில்லை, கட்டிக் குப்பையில்தான்.

இருங்கள், இருங்கள். பட்டாணி மணலுக்குப் போகிறாள். சுற்றுகிறாள்... தோண்டுகிறாள். மூலையில் வேண்டாம் போலிருக்கிறது, நடுவில். சித்தி, இங்கே வாங்களேன், சத்தம் போடாமல்! திரும்பி என்னைப் பார்க்கிறாள். சரிம்மா, அணைத்துவிடுகிறேன்.