தேர் திரும்பிய முனை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மஞ்சக்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் புதுவையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ‘கிறிஸ்தவ விசுவாசத்தைக் காத்து நிற்பது திருச்சபை என்னும் அமைப்பா, தனிமனித உள்ளமா?’ என்பது இன்றைய தலைப்பு. உள்ளமே என்று வாதிட வந்திருக்கிறேன். நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவன்; செபமாலை சொல்லாமல் உறங்காதவன். அமைப்பைக் கேள்வி கேட்பவனுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் ஓர் உவமை சொன்னார். அடுப்பிலிருந்து எடுத்துத் தனியே போட்ட கங்கு சற்று நேரத்தில் கரியாகிவிடும்; சபையை விட்டுத் தனித்து நிற்கும் விசுவாசமும் அப்படித்தான் அணையும் என்றார். அந்தக் கங்கு அடுப்பை விட்டுத் தானாக வெளியேறியதா, தள்ளப்பட்டதா என்பதை அவர் சொல்லவில்லை. தள்ளப்பட்ட பிறகும் அணையாமல் கிடந்த ஒரு கங்கை நான் அறிவேன். அது எங்கள் ஆயா, என் பாட்டி.

இந்த மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆயா வாழ்ந்தார். ஆண்டுத் திருவிழாவில் மாதாவின் தேர் பெரிய தெருக்களையெல்லாம் சுற்றிவரும். எங்கள் தெரு முனை வரை வந்து அங்கேயே திரும்பிவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஆயா வாசலைச் சாணமிட்டு மெழுகி, கோலமிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றிக் கையில் பிடித்தபடி நிற்பார். தேர் வராது என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் நிற்பார். ஒருமுறை பங்குச்சாமியாரிடமே, “சாமி, எங்க தெருவுக்கு வரமாட்டேன்னு மாதா உங்ககிட்ட சொன்னாங்களா?” என்று கேட்டாராம். சாமியார் பதில் சொல்லவில்லை. ஊர்க்கட்டுப்பாட்டைச் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்; விசுவாசத்தைச் சொல்லியிருந்தால் ஆயாவின் கேள்விக்குத் தலைகுனிந்திருக்க வேண்டும். ஆயா அதற்காக வேறு சமயம் தேடவில்லை, மாதாவைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ‘தடுக்கிறது ஆளு, அவங்க இல்ல’ என்றே கடைசிவரை சொன்னார். அமைப்பையும் ஆண்டவரையும் பிரித்தறிய அவருக்கு எந்த இறையியல் கல்லூரியும் கற்பிக்கவில்லை.

“தவறு நேர்ந்தால் சபையே தன்னைத் திருத்திக்கொள்ளும்” என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். மறுக்கவில்லை, ஆனால் அது எப்படித் திருத்திக்கொண்டது என்பதைப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியின் வரலாற்றிலேயே பார்ப்போம். போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே சென்று அருட்சாதனம் என்னும் திருச்சடங்கை வழங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் குரு நுழைய வேண்டும் என்று ஓர் ஆணை போட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அதைச் சுற்றிய வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டு, 1744இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார். அப்போதும் கண்ட தீர்வு, ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. கீழ்ப்படிதலுக்குள்ளேயே பிரிவினைக்கும் இடம் தேடிக்கொண்டது அமைப்பு.

அடுத்த ஆண்டே, 1745இல், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இன்னொன்றைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் சம்பா கோயில் என்னும் தேவாலயத்தின் உள்ளே, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரைப் பிற கிறிஸ்தவரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அந்த மக்கள் திரண்டு சென்று பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள்; அவர் சுவரை இடித்தார். இடித்தவர் குருதானே என்று எதிரணியினர் கேட்பார்கள். ஆம், அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுவர் நிற்க அதுவரை எத்தனை பூசைகள் நடந்தன, அவற்றில் ஒன்றிலேனும் அது குருக்களை ஏன் உறுத்தவில்லை? முறையிடப் போனவர்களின் கைகளில் பதவியும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரே தகப்பனின் பிள்ளைகள் நாம் என்று அதே கோயிலில் கேட்டதை அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையே அவர்களை நடக்கவைத்தது.

நடுவர் அவர்களே, இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இதே புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச் மாதம், தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். எந்தச் சாதியாரானால் என்ன, ஞானஸ்நானம் பெற்ற இரண்டு உயிர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது 2016இல். 1704லிருந்து கணக்கிட்டால் 312 ஆண்டுகள். எங்கள் ஆயாவால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியவில்லை.

பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எதிரணியினர் பட்டியலிட்டார்கள். நானும் மிஷன் பள்ளியில் படித்தவன். அந்த நன்றி என்னிடம் உண்டு. நற்செய்தியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்ததும் அந்த அமைப்புதான். கொண்டுவந்து கொடுத்தவர் மீது நன்றி இருப்பதால், கொடுத்த நற்செய்தி சொல்வதைக் கேட்காமல் இருந்துவிட முடியுமா? கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார். யூதர்கள் அவள் இனத்தாரோடு புழங்குவதில்லை, அவளே திகைத்துப்போனாள். வழிபட வேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா என்று அவள் கேட்டபோது, இரண்டுமல்லாத காலம் வருகிறது, ஆவியிலும் உண்மையிலும் வழிபடுவோரையே தந்தை தேடுகிறார் என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! அதை அவர் தலைமைக் குருவிடம் சொல்லவில்லை. குடமும் கையுமாக நின்ற, ஊரார் ஒதுக்கிய ஒருத்தியிடம் சொன்னார்.

ஆயா இறந்தபோது அவரைக் கல்லறைத் தோட்டத்தின் பொதுப் பகுதியில் அடக்கம் செய்ய இடம் கிடைக்கவில்லை. சுவருக்கு அப்பால் எங்களுக்கென விட்ட இடத்தில் அடக்கம் செய்தோம். மணிகள் தேய்ந்துபோன அவருடைய செபமாலையை விரல்களில் சுற்றி வைத்தது என் அம்மா. அன்று அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் விசுவாசம் இருந்தது? எதிரணியில் இன்னும் ஒருவர் பேசவிருக்கிறார். அவர் வேறெதற்கும் பதில் சொல்ல வேண்டாம். தேர் முனையில் திரும்பிய ஒவ்வோர் ஆண்டும் ஆயாவின் கையிலிருந்த மெழுகுவர்த்தியை அணையாமல் காத்தது யார் என்பதற்கு மட்டும் அவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.