தாத்தா மாறினாரா, நாற்காலி மாறியதா?

நடுவர் அவர்களே! வாக்காளர் கட்சியைத் தேர்ந்தெடுப்பது பரம்பரைப் பற்றாலா, அமையப்போகும் ஆட்சியை எண்ணியா என்பது கேள்வி. "எங்க தாத்தா போட்ட சின்னம், நானும் அதுக்குத்தான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அப்படிப்பட்ட தாத்தாக்கள் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் உண்டு. ஒருவருக்கு ஒருவர் நேராகிவிடுகிறார்கள். முடிவு மிச்சப் பேர் கையில். "இந்த ஓட்டு எந்த நாற்காலிக்கு?" என்று கேட்கிறவர்கள் அவர்கள்.

1980 ஜனவரி. டெல்லியில் ஜனதா ஆட்சி சிதறிக் கிடக்கிறது. "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்றது திமுக. தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களில் 37 திமுக-காங்கிரஸ் அணிக்கு; அதிமுகவுக்கு இரண்டே இரண்டு. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே கடைசியில் சட்டமன்றத் தேர்தல். அதே அணி, அதே சின்னங்கள். அதிமுக பிடித்தது 129! நாலே மாதத்தில் தாத்தா மாறிவிட்டாரா ஐயா? ஆட்சியைக் கலைத்த கோபம் ஒன்று. இன்னொன்று, பெரும்பான்மைக்கு 118 வேண்டும். திமுகவும் காங்கிரசும் தலைக்கு அதைவிடக் குறைவான இடங்களில்தான் நின்றன. நின்ற இடமெல்லாம் ஜெயித்தாலும் தனித்து ஆள முடியாது. ஜனவரியில் விற்ற 'நிலையான ஆட்சி' மே மாதம் கடையில் இல்லை!

அது வேறு வேறு நாள் என்பீர்கள். ஒரே நாளைக் காட்டுகிறேன். 2019 ஏப்ரல் 18. சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்த 18 தொகுதிகளில் ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு இயந்திரம்: மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. தருமபுரி மக்களவைத் தொகுதி திமுகவுக்கு. அதற்குள் இருக்கும் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அதிமுகவுக்கு. தேனியில் தலைகீழ்! மக்களவை அதிமுகவுக்கு, ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்கு. மக்களவைக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த கூட்டல், அதனால் ஒப்பிடக் கூடாது என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மாநிலக் கணக்கைப் பாருங்கள்: அன்று வாக்குப்பதிவு நடந்த 38 மக்களவை இடங்களில் அதிமுகவுக்கு ஒன்று, 18 இடைத்தேர்தலில் எட்டு.

இலவசத்துக்கு மயங்குகிறார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு. 2006-இல் கலர் டிவி தருவதாகச் சொன்ன திமுக, சொன்னபடி தந்தது. 2011-இல் அந்த டிவியில் தேர்தல் முடிவு பார்த்தார்கள்: திமுகவுக்கு 23. மின்வெட்டில்லாத நேரத்தில் பார்த்திருப்பார்கள்.