மிகாடோவை எந்த ரெக்கார்டில் கேட்பது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு பழைய குரலிலிருந்து தொடங்குகிறேன். 1888 அக்டோபர் 5, லண்டனில் ஒரு விருந்து. எடிசனின் ஃபோனோகிராஃப் கருவியை அங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று பேசியவர்களில் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனும் ஒருவர். இரண்டு நாளைக்கு முன்புதான் அவருடைய 'தி யோமென் ஆஃப் தி கார்ட்' சவாய் தியேட்டரில் அரங்கேறியிருந்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் கருவியைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது, கூடவே பயமாகவும் இருக்கிறது, எவ்வளவு மோசமான சங்கீதம் இனி காலத்துக்கும் அழியாமல் பதிந்து கிடக்கப் போகிறதோ என்றார். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். தன் பாட்டுகளுக்கு அந்தக் கருவி என்ன செய்யப் போகிறது என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ. எஸ். கில்பர்ட் எழுத, சல்லிவன் மெட்டுப் போட, பெரும்பாலும் ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்ற முதலாளிதான் தன் பெயரிலேயே இருந்த நாடகக் குழுவை வைத்து மேடை ஏற்றினார். 1871-லிருந்து 1896 வரை மொத்தம் 14 நகைச்சுவை ஓபராக்கள். அவற்றில் பெரிய வெற்றி 1885-இல் வந்த 'தி மிகாடோ'. முதல் ஓட்டத்திலேயே 672 காட்சிகள். கதை நடப்பது ஜப்பானில் டிட்டிபு என்ற கற்பனை ஊரில். ஆனால் கில்பர்ட் குறி வைத்தது முழுக்க முழுக்கத் தன் நாட்டு அதிகாரிகளையும் சட்டங்களையும்தான். ஜப்பான் வேஷம் இன்றைய மேடையில் உறுத்துகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே நான் பேசப் போவது ரெக்கார்டுகளைப் பற்றி மட்டும்.

நான் முதலில் கேட்டது மால்கம் சார்ஜென்ட் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய 1957 பதிவு. இங்கிலாந்தில் நடக்கும் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவின் கோரஸ், பெரிய ஓபரா பாடகர்கள். தலை வெட்டும் அதிகாரியான கோ-கோ பாத்திரத்தில் ஜெரைன்ட் எவன்ஸ், மிகாடோ என்ற ஜப்பான் மன்னராக ஓவன் பிரானிகன். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! நான்கு குரல்கள் சேரும் இடங்களில் உடம்பு சிலிர்க்கும். ஆனால் முழுக்கக் கேட்டு முடித்த பிறகு, கில்பர்ட்டை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் அதே காலத்தில் டெக்கா கம்பெனிக்காக டாய்லி கார்ட் குழுவே பாடிய பதிவைக் கேட்டேன். அதையும் பதிவு செய்தது 1957-இல்தான். நடத்தியவர் ஐசிடோர் காட்ஃப்ரே. முதல் பக்கம் முடிவதற்குள் மூன்று இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதே பாட்டு, அதே வரிகள்தான்.

நம் ஊரில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது சாகித்யம் காதில் விழுந்தால்தான் பாட்டு நிறைகிறது என்போமே, அதேதான் இங்கேயும். கில்பர்ட்டின் சொல் காதில் விழாவிட்டால் சல்லிவனின் மெட்டுக்குப் பாதி வேலை போய்விடுகிறது. காட்ஃப்ரே 1929-லிருந்து 1968 வரை அந்தக் குழுவின் இசை இயக்குநராக இருந்தவர். எந்த வரியில் ரசிகர்கள் சிரிப்பார்கள், எங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் ஊறிப் போயிருந்தது. சார்ஜென்ட் பல இடங்களில் வேகத்தைக் குறைத்து மெட்டை ரசிக்கிறார். அழகுதான், ஆனால் நகைச்சுவை ஆறிப்போகிறது.

இதை ஒரே ஒரு பாட்டை வைத்துக் காட்டுகிறேன். இரண்டாம் அங்கத்தில் மிகாடோ மன்னர் வந்து பாடும் பாட்டு. குற்றத்துக்கு ஏற்ற தண்டனை கொடுப்பதே என் லட்சியம் என்கிறார். அந்தத் தண்டனைகளைக் கேளுங்கள். பில்லியர்ட்ஸில் ஏமாற்றிப் பிழைப்பவனுக்கு, கோணலான துணி விரித்த மேஜை, முறுக்கிய கோல், முட்டை வடிவப் பந்துகள். ஊரை அறுக்கும் பேச்சாளனுக்கு, பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை பிரசங்கம் கேட்கிற தண்டனை. மியூசிக் ஹால் பாட்டுக்காரனுக்கு, பாக், ஸ்போர், பேத்தோவன் என்று சாஸ்திரிய இசை மேதைகள் எல்லாம் கலந்த கச்சேரி. மன்னர் இதையெல்லாம் தேன் ஒழுகச் சொல்ல வேண்டும். அன்பாகச் சொல்லச் சொல்லத்தான் கேட்பவருக்குப் பயம் வரும்.

பிரானிகன் பாடும்போது அகலமான, கதகதப்பான, ஆழ்ந்த பேஸ் குரல். பக்கத்து வீட்டுத் தாத்தா போல இருக்கிறார், பயமே வரவில்லை. இப்போது டாய்லி கார்ட் குழுவின் பழைய பாடகர் டாரெல் ஃபான்கோர்ட்டுக்கு வாருங்கள். அவர் 3,000 தடவைக்கு மேல் அந்த வேஷம் கட்டியவர். அந்தக் குழுவின் 1926, 1936, 1950 மூன்று பதிவுகளிலும் மிகாடோ அவர்தான். பாட்டின் நடுவே ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அடித்தொண்டையில் கிளம்பி, ஏதோ உலோகத்தைத் தேய்ப்பது போல மேலே ஏறி முடியும். அது ஸ்வரத்தில் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தைரியம் வராது. 1950 பதிவில் அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது, குரல் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. இருந்தாலும் சரி, அந்தத் தேய்வே பாத்திரத்துக்குப் பொருந்திப் போகிறது.

அவருக்குப் பின் 1953-இல் அந்த வேஷம் டொனால்ட் ஆடம்ஸிடம் வந்தது. 1957 டெக்கா பதிவில் பாடுவது அவர்தான். கருத்த, கூர்மையான குரல். ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனியாகத் தெரிகிறது. முட்டை வடிவப் பந்துகள் என்ற அந்த வரிக்கு வரும்போது, சொல்லை ஒவ்வோர் அசையாக நாக்கில் வைத்து ருசி பார்ப்பார். நான் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கில்பர்ட் எழுதிய மூலத்தில், இந்தப் பாட்டிலும் கோ-கோவின் பட்டியல் பாட்டிலும், கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல் ஒன்று வருகிறது. 1948-இல்தான் டாய்லி கார்ட் குழு அதை மாற்றியது. 1926, 1936 பதிவுகளைக் கேட்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போங்கள். வீட்டில் குழந்தைகளோடு கேட்பதானால் 1950-க்குப் பிறகு வந்தவற்றை எடுங்கள்.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டுகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிஷம்தான் பிடிக்கும். ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் வரும் நீளமான பாட்டுத் தொகுப்புகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டித்தான் பதிந்தார்கள். அப்படியிருந்தும் 1936 மிகாடோவில், காட்ஃப்ரே கைகாட்ட, மார்ட்டின் கிரீன் கோ-கோவாகப் பாடும்போது ஒரு இளமைத் துள்ளல் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா கொஞ்சம் தூரத்தில்தான் கேட்கும். பரவாயில்லை.

சார்ஜென்டைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' ஓபராவில் மேஜர் ஜெனரல் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது, மூச்சு விடாமல் சொற்களைக் கொட்ட வேண்டும். ஜார்ஜ் பேக்கர் என்ற பாடகர் அதை 1929-இல் சார்ஜென்ட் நடத்தப் பாடினார். 1961-இல் வெளிவந்த பதிவிலும் அதே பாட்டு, அதே சார்ஜென்ட், அதே பேக்கர். 1885-இல் பிறந்தவர், எழுபதைத் தாண்டியவர்! இத்தனைக்கும் அவர் டாய்லி கார்ட் மேடைக்காரர் இல்லை, ரெக்கார்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலாவதில் வேகம். இரண்டாவதில் ஒரு வயதான மனிதர், தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நிதானமாக, ஒரு எழுத்தும் சிந்தாமல் நம் முன்னால் எடுத்து வைக்கிறார். சார்ஜென்டின் மொத்த வரிசையிலும் சொல்லும் குரலும் இவ்வளவு நன்றாகச் சேர்ந்த இடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

வசனம் முழுக்க வேண்டும் என்பவர்களுக்கு: மிகாடோவில் வசனத்தோடு தேடாமல், இதே இருவரின் இன்னொரு ஓபராவான 'எச்.எம்.எஸ். பினஃபோர்', டெக்காவின் 1960 பதிவை எடுங்கள். ஜான் ரீட், டொனால்ட் ஆடம்ஸ், ஜீன் ஹிண்ட்மார்ஷ் எல்லாரும் பேசிப் பேசிப் பாடுவார்கள். கண்ணை மூடினால் மேடை தெரியும்.

கடைசியாக ஒரு பதிவு. 1992-இல் டெலார்க் கம்பெனி வெளியிட்ட மிகாடோ. வெல்ஷ் நேஷனல் ஓபராவின் கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும், நடத்தியவர் சார்ல்ஸ் மெக்கரஸ். ஒரே சிடியில் அடக்குவதற்காக முன்னிசையை எடுத்துவிட்டார்கள், வசனமும் கிடையாது. ஆனால் முன்பு சொன்னேனே, பாக் கலந்த கச்சேரி என்று ஒரு வரி, அந்த வரிக்கு அடியில் சல்லிவன் ஆர்க்கெஸ்ட்ராவில் பாக்கின் ஜி மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் இசை வடிவம்) ஒன்றை நைசாக நுழைத்திருக்கிறார். பழைய பதிவுகளில் அது எனக்குக் காதில் பட்டதே இல்லை. இந்தப் பதிவில் கிளாரினெட்டும் பஸூனும் அதை வாசிப்பது அவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரியைப் பாடுகிற மிகாடோ யார் தெரியுமா? டொனால்ட் ஆடம்ஸ். டாய்லி கார்ட்டை விட்டு 1969-இல் வெளியேறியவர், அந்தக் குழுவே 1982-இல் மூடப்பட்டுவிட்டது. 60-ஐத் தாண்டிய வயதில், ஓபரா பாடகர்களுக்கு நடுவே நின்று அதே பாட்டு, அதே கூர்மை, ஃபான்கோர்ட்டிடமிருந்து வழிவழியாக வந்த அந்தச் சிரிப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். பிடித்திருந்தால் 1957 டெக்காவுக்குப் போங்கள், அங்கிருந்து 1950-க்கு. மூன்றிலும் அந்தச் சிரிப்பை மட்டும் தனியாகக் கேட்டுவிட்டு, எதில் உங்களுக்கு முதுகு சில்லிட்டது என்று எனக்கு எழுதுங்கள்.