ஓட்டு இல்லாதவர்களுக்காக

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"மழலையர் கல்விக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் அரசியலில் இறங்க வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா?" இதுதான் தலைப்பு. இறங்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் உலகம் பாட்டும் விளையாட்டும்தான், அங்கே அரசியலுக்கு என்ன வேலை என்றார். அரசியலில் இறங்கிய அமைப்புகள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டன என்றார். அப்புறம், குழந்தையைக் காட்டிக் காசு கேட்கிறார்கள் என்றும் சொன்னார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டாவதில் அவர் சொன்னது பாதி உண்மை. அதையும் மறைக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் 14 வருடம் மழலையர் வகுப்பு எடுத்தவள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கை கழுவும் குழாய் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாது. எக்கி நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல் நுனியால் திருகைத் தள்ளிப் பார்க்கும். தண்ணீர் வந்துவிட்டால் அது முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போகும். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் நானோ ஆயாவோ தூக்கிப் பிடித்துத்தான் கழுவிவிடுவோம். முப்பது பிள்ளைகள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. இதை ஒரு அம்மா பார்த்தார். மனு எழுதினார், மற்றப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார், நிர்வாகத்தைப் பார்த்தார், அங்கிருந்து மேலே அனுப்பினார்கள், மேலேயும் போய்ப் பார்த்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதற்கடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் குழாயை இறக்கி வைத்தபோது அவர் மகன் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தான். ஒருநாள் விளையாடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து அந்தக் குழாயில் தண்ணீர் குடித்தான். குனிந்து குடித்தான், நடுவர் அவர்களே. அம்மா யாருக்காக அலைந்தாரோ அந்தப் பிள்ளைக்கு அந்தக் குழாய் தாழ்ந்துபோய்விட்டது.

விவசாயி கோரிக்கை வைத்தால் அடுத்த தேர்தலிலும் அவர் விவசாயியாகவே இருப்பார். ஓய்வூதியம் கேட்கும் முதியவர் அடுத்த தேர்தலிலும் வரிசையில் நிற்பார். அவர்களைப் பார்த்து ஆட்சியாளர்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். மூன்று வயதுக் குழந்தையோ அடுத்த தேர்தலுக்குள் மூன்று வயதைத் தாண்டிவிடும். அதற்கு ஓட்டும் கிடையாது. அதற்காக அலைந்த பெற்றோரும் வேறு கவலைக்குப் போய்விடுவார்கள். அடுத்து வருகிற அம்மா மறுபடியும் முதல் மனுவிலிருந்து தொடங்க வேண்டும். நேற்று என்ன கேட்டோம், யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்திருக்க நிலையான ஓர் அமைப்பு வேண்டாமா? அப்படி ஒன்று இருந்து, அது அரசாங்கத்தின் வாசலுக்குப் போகக் கூடாது என்றால் எப்படி?

சரி, எதிரணித் தலைவரின் முதல் கேள்விக்கு வருகிறேன். பாட்டும் விளையாட்டும் இருக்கிற இடத்தில் அரசியலுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பிரெடரிக் ஃப்ரோபெலின் வாழ்க்கையே பதில். 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் அவர். மரப் பந்து, கட்டை, உருளை, பாட்டு, தோட்ட வேலை, இவைதான் அவருடைய பாடத்திட்டம். யார் வம்புக்கும் போகாத மனிதர். 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய உறவினரான கார்ல் ஃப்ரோபெலின் எழுத்தையும் இவருடையதையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். விளக்கம் சொல்லியும் தடை நீங்கவில்லை. அடுத்த வருடமே, 1852-ல், அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல். இடைப்பட்ட காலத்தில் பெர்த்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ என்ற பெண்மணி செல்வாக்குள்ளவர்களைத் தேடித்தேடிப் பார்த்து வாதாடினார், நாடு நாடாகப் போய்ப் பேசினார். ஒதுங்கி இருந்தவரை அரசியல் தேடி வந்து அடித்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்தச் சொல் புழங்குகிறது என்றால், அதற்கு அந்த அம்மாவின் அலைச்சலும் ஒரு காரணம்.

பள்ளியை நன்றாக நடத்தினால் போதுமே, மற்றதெல்லாம் தானாக வரும் என்று எதிரணியில் இன்னொருவர் சொன்னார். இத்தாலியில் ரெஜியோ எமிலியா பக்கத்தில் வில்லா செல்லா என்ற சிற்றூர். 1945-ல் போர் முடிந்த சில நாட்களில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் ஊர் மக்கள் மழலையர் பள்ளி கட்டினார்கள். செங்கல்லைக் கூடத் தாங்களே சுமந்தார்கள். அதோடு அவர்கள் நின்றிருந்தால் அது ஓர் அழகான கதையாக முடிந்திருக்கும். அந்த வட்டாரத்துப் பெண்கள் சங்கமாகத் திரண்டு வருடக்கணக்கில் நகராட்சியை விடாமல் கேட்டதால்தான் 1963-ல் ரெஜியோ நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. நாடு முழுவதற்குமான அரசு மழலையர் பள்ளிச் சட்டம் 1968-ல் வந்தது. கட்டுகிற கைகளேதான் கேட்கவும் செய்தன.

இப்போது இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். நடுவர் அவர்கள் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் தர வேண்டும்.

1965. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். ஏழைக் குழந்தைகளுக்கு மழலையர் கல்வி தரும் மத்திய அரசின் ஹெட் ஸ்டார்ட் திட்டம் அந்த வருடம்தான் தொடங்கியது. மாநிலத்தில் அரசு மழலையர் வகுப்பு என்பதே கிடையாது. அங்கே கறுப்பின மக்களும் சில கல்வியாளர்களும் சேர்ந்து மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழு என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் 84 மையங்கள், சுமார் 6,000 குழந்தைகள். சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? அதுவரை பருத்திக் காட்டிலும் அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலும் வேலை பார்த்த பெண்கள். மாநில ஆளுநர் இதைத் தடுக்க முடியாதபடி பணத்தை ஒரு கல்லூரி வழியாக வாங்கினார்கள், ஏனென்றால் கல்லூரிகளுக்குப் போகும் நிதியை ஆளுநரால் மறுக்க முடியாது. இதுவும் அரசியல்தான். இந்தச் சூட்சுமம் தெரியாமல் இருந்திருந்தால் அந்த 84 வாசல்களும் திறந்திருக்காது.

விட்டார்களா? மாநிலத்தின் செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் பணத்தில் முறைகேடு என்று கிளப்பினார். நிதி நின்றது. சம்பளம் இல்லாமலே அந்தப் பெண்கள் மையங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1966 பிப்ரவரியில் 48 குழந்தைகளை ஆசிரியைகளோடு பஸ்ஸில் ஏற்றி வாஷிங்டனுக்குப் போனார்கள். கல்வித்துறையைக் கவனிக்கும் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அறைக்குள் நுழைந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கோஷம் போடவில்லை. வழக்கம்போல வகுப்பு நடத்தினார்கள். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற அறையில் பொம்மைகளும் படங்களும் பரப்பப்பட்டன, பிள்ளைகள் பாடினார்கள், விளையாடினார்கள். நிதி நிறுத்தம் என்று ஒரு வரியில் எழுதுகிறார்களே, அந்த வரியில் யார் இருக்கிறார்கள் என்று முகத்தைக் காட்டினார்கள். அந்த மாதமே 56 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் மறுபடியும் நிறுத்தினார்கள். இந்தத் தடவை தேவாலய அமைப்புகளும் தொழிற்சங்கத்தினரும் கைகோத்தார்கள். திட்டத்தை நடத்திய மத்திய அலுவலகத்தின் தலைவர் சார்ஜென்ட் ஷ்ரைவரின் பெயரைச் சொல்லி, இது உண்மையில்லை என்று சொல்லுங்கள் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். நிதியில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அந்த மாநில அரசு தானாக மழலையர் வகுப்புக்குச் சட்டம் போட்டது எப்போது? 1982-ல். ஒதுங்கி நின்று காத்திருந்தால் 17 வருடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, உள்சண்டை. எதிரணித் தலைவர் 1971-ஐ எடுத்துக்காட்டினார், சரியாகவே காட்டினார். குழந்தைகள் எல்லோருக்கும் பராமரிப்பும் கல்வியும் தரும் ஒரு விரிவான சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. டிசம்பர் 9 அன்று அதிபர் நிக்சன் அதை நிராகரித்தார். குடும்பம் வளர்க்கிற முறைக்கு எதிராக, கூட்டாக வளர்க்கிற முறைக்கு அரசு துணைபோவதாகிவிடும் என்று காரணம் எழுதினார். நிராகரிப்பைச் செல்லாததாக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 51-க்கு 36. ஏழு ஓட்டுக் குறைந்தது.

அதற்கு முன்பே ஆதரவு அணிக்குள் விரிசல் இருந்தது உண்மை. பணத்தை மாநிலங்களிடமும் பெரிய நகரங்களிடமும் கொடுப்பதா, 5,000 பேர் உள்ள ஊரே நேரடியாக வாங்கலாமா என்பதில் தகராறு. சின்ன ஊர்களுக்குத்தான் வேண்டும் என்று மேரியன் ரைட் எடெல்மனும் சிவில் உரிமை இயக்கத்தினரும் பிடிவாதமாக நின்றார்கள். அதனால் சில உறுப்பினர்களின் ஆதரவு போனது. இது தப்பா? இதைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எடெல்மன் மிசிசிப்பியில் வழக்கறிஞராக இருந்தவர். அந்த மாநில அரசின் கையில் பணம் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவர். அவருடைய பிடிவாதத்தை வெறும் வீம்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. ஆனால், சண்டை போட்டார்கள், அதனால் களத்தையே விட்டுவிடுங்கள் என்பது என்ன நியாயம்?

களத்தை விட்டால் அங்கே யார் வருவார்கள் என்பதையும் பாருங்கள். 1975-ல் இதே போன்ற இன்னொரு மசோதா வந்தபோது பெயரில்லாத ஒரு துண்டறிக்கை நாடெங்கும் பரவியது. பெற்றோரின் உரிமையைப் பறித்து அரசிடம் கொடுக்கிறார்கள் என்று மசோதாவில் இல்லாததை எல்லாம் எழுதியிருந்தது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் கோபக் கடிதங்கள் குவிந்தன. மசோதா முடங்கியது. குழந்தைப் பராமரிப்புக்கென்று நிதி தரும் ஒரு பெரிய சட்டம் பிறகு 1990-ல்தான் வந்தது. 1971-ல் பிறந்த பிள்ளைக்கு அப்போது 19 வயது. குழாய்க்குக் குனிந்த அந்தப் பையன் ஞாபகம் வருகிறதா?

மூன்றாவது, காசு. ஒன்றைப் போட்டால் ஏழாகத் திரும்பும் என்று இந்த அமைப்புகள் குழந்தையை முதலீடாக்கிப் பேசுகின்றன என்றார். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? உரிமை என்று கேட்டால் அரசியலாகிவிடும், லாபம் என்று சொன்னால் எல்லாக் கட்சிக்கும் இனிக்கும் என்று பயந்தவர்களிடமிருந்து வந்தது. எதிரணி கேட்கும் ஒதுங்கல்தான் அந்தப் பாஷையைப் பெற்றது. அந்த ஏழு மடங்குக் கணக்குக்காக அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கியது. மொத்தம் 123 குழந்தைகள், அதில் வகுப்புக்கு வந்தவர்கள் 58 பேர். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், எல்லோரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஆட்சியாளர்கள் அந்த 'ஏழு மடங்கை' மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்க ஆள் வேண்டும்.

பணியாளர் சங்கங்கள் குழந்தையின் பெயரால் சம்பளம் கேட்கின்றன என்ற பேச்சும் வந்தது. என் வகுப்பில் கூட இருந்த ஆசிரியை ஒருவர் சம்பளம் போதாமல் வேறு வேலைக்குப் போனார். அடுத்த நாள் ஒரு சின்னப் பெண் பையைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அந்த டீச்சர் வந்த பிறகு வருகிறேன் என்றாள். நான்கு நாள் அப்படியே. அவளுக்கு அந்தச் சம்பளப் பட்டியலில் பங்கு இல்லை என்று யார் சொல்வது?

கடைசியாக இந்தியாவைப் பற்றி. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு முதலில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றுதான் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்டவர்களை அது ஒதுக்கவில்லை. 2002-ல் 86-வது திருத்தம் வந்தபோது கல்வி அடிப்படை உரிமையானது, ஆனால் 6 முதல் 14 வரை மட்டும். ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயலும்' என்று எழுதினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் அரசு ஏற்பாடு 'செய்யலாம்'. 'வேண்டும்' என்ற ஒரு சொல் கிடைக்கவில்லை. அங்கன்வாடித் திட்டம் 1975-ல் 33 இடங்களில் தொடங்கியது. 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உணவு உரிமைக்காக உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் 2006 டிசம்பர் 13-ல் உத்தரவு வந்தது: 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத இடத்தார் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். 'கேட்டால்' என்கிறது உத்தரவு, நடுவர் அவர்களே. அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். அந்த மனுவை எழுதப்போகிறவர்களை ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.